பியாஸ் குண்ட் பாதையில் ஏழு நிமிடம்: சென்னைக் குழு ஒன்று பனிச்சரிவில் மாட்டிய நிகழ்வின் ஆய்வு

மார்ச் கடைசியில், இமாச்சலத்தில் மணாலிக்கு மேலே இருக்கும் பியாஸ் குண்ட் என்ற ஏரிக்குப் போகிற வழியில், சென்னையிலிருந்து போன ஆறு பேர் குழு ஒன்று பனிச்சரிவில் மாட்டியது. உயிர்ச்சேதம் இல்லை. ஒருவர் முழுக்கப் புதைந்து, ஏழு நிமிடத்தில் வெளியே எடுக்கப்பட்டார். முழங்காலில் தசைநார் கிழிந்தது. நான் அந்தக் குழுவில் இல்லை. அவர்கள் ஊர் திரும்பியபிறகு ஆறு பேரிடமும் தனித்தனியாக உட்கார்ந்து பேசி, கைடிடம் போனில் பேசி, அவர்களுடைய படங்கள், வீடியோ, ஜிபிஎஸ் தடம் எல்லாவற்றையும் நேரப்படி அடுக்கி இதை எழுதியிருக்கிறேன். அவர்கள் கேட்டுக்கொண்டபடி பெயர்கள் இல்லை. யார் மேல் தப்பு என்று தீர்ப்பு எழுதுவது நோக்கமில்லை, ஆனால் எனக்குத் தோன்றியதை அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடலாம். பனி உடைந்தது அந்தச் சனிக்கிழமை காலையில்தான். ஆனால் திரும்பி வருவதற்கான வழி அதற்குப் பல வாரம் முன்னாலேயே, வேளச்சேரியில் உட்கார்ந்து டிக்கெட் போட்ட அன்றே, பாதி அடைபட்டுவிட்டது.

பின்னணி

நான்கு ஆண்கள், இரண்டு பெண்கள். வயது 26 முதல் 41 வரை. ஐந்து பேருக்கு ஓஎம்ஆரில் ஐடி வேலை. மூத்தவர், எல்லோரும் அக்கா என்று கூப்பிடுகிறவர், வங்கி ஊழியர். வெள்ளியங்கிரி, பர்வதமலை, நாகலாபுரம் என்று நம் பக்கத்து மலைகளில் நன்றாக நடந்தவர்கள். காலையில் பரங்கிமலைப் படிக்கட்டு, வார இறுதியில் முதுகுப்பையில் தண்ணீர் கேனைப் போட்டுக்கொண்டு அப்பார்ட்மெண்ட் மாடி ஏறி இறங்குவது என்று இரண்டு மாதம் பயிற்சி எடுத்திருக்கிறார்கள். உடல் வலு விஷயத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது, இந்த நிகழ்வில் அது எந்த இடத்திலும் பிரச்சினையாகவும் இல்லை. பனியில் நடந்த அனுபவம் என்று பார்த்தால், ட்ரெக்கை ஒருங்கிணைத்தவர் மட்டும் ஒரு டிசம்பரில் உத்தராகண்டில் இருக்கும் கேதார்கந்தா பனி ட்ரெக் போய்வந்தவர். அங்கே சீசனில் ஆயிரம் கால்கள் மிதித்துக் கெட்டியாக்கிய பாதை இருக்கும், முன்னால் போகிறவன் முதுகைப் பார்த்துக்கொண்டே ஏறிவிடலாம். பனியில் நடக்க அது சொல்லித்தரும், பனியைப் பார்த்துப் புரிந்துகொள்ளச் சொல்லித்தராது.

பனிச்சரிவு என்றால் என்ன நினைத்தீர்கள் என்று ஆறு பேரையும் கேட்டேன். நான்கு பேர் சியாச்சின் என்றார்கள். ஆச்சரியமில்லை. 2016 பிப்ரவரியில் சோனம் முகாமில் புதைந்த பத்து பேரில் பெரும்பாலோர் மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் 19ஆவது பட்டாலியன் வீரர்கள், அந்தப் பத்தில் நான்கு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். அந்த வாரம் முழுக்க நம் டிவியில் அதுதான் ஓடியது. ஆறு நாள் கழித்து உயிரோடு எடுக்கப்பட்ட ஹனுமந்தப்பாவும் பிப்ரவரி 11 அன்று இறந்துபோனார். அந்த முகாம் 19,600 அடியில் இருந்தது. அதனால் பனிச்சரிவு என்பது ராணுவத்துக்கும் எவரெஸ்ட்காரர்களுக்கும் வருகிற ஆபத்து, பன்னிரண்டாயிரம் அடியில் நடக்கிற நமக்கில்லை என்று ஒரு எண்ணம் தங்கிவிட்டது.

ஆனால் 2023 ஏப்ரல் 4 அன்று சிக்கிமில் நாதுலா போகிற சாலையில் இறந்த ஏழு பேர் வண்டியில் சுற்றிப் பார்க்கப் போனவர்கள். 2025 பிப்ரவரி 28 அன்று பத்ரிநாத்துக்குப் பக்கத்தில் மானாவில் சாலைப் பணியாளர்கள் 54 பேர் தங்கியிருந்த கன்டெய்னர்கள் மேல் பனி இறங்கியது, 8 பேர் இறந்தார்கள். அந்த இடம் சுமார் 3,200 மீட்டர்தான். 2022 அக்டோபர் 4 அன்று உத்தராகண்டின் திரௌபதி கா டண்டா மலையில் உயிரிழந்த 29 பேர் மலையேற்றப் பயிற்சி நிலையத்தைச் சேர்ந்தவர்கள், கூடவே பயிற்சியாளர்களும் இருந்தார்கள். பனிச்சரிவு உயரத்தைப் பார்த்து வருவதில்லை. 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த சரிவு, அதன் மேல் சரியாக ஒட்டாத பனி, அதைத் தட்டிவிட ஒரு காரணம், இவை மூன்றும் சேர்ந்தால் போதும். மலையில் சுற்றப் போய் மாட்டுகிறவர்களில் பெரும்பாலோர் விஷயத்தில் அந்தக் காரணம் அவர்களேதான், அல்லது கூட வந்த ஒருவர்.

கிளம்பும் முன்

மார்ச் கடைசியில் வந்த நீண்ட வார இறுதியைக் குறிவைத்து டிக்கெட் போட்டார்கள். புதன் மதியம் சென்னையிலிருந்து டெல்லிக்கு விமானம், இரவு வால்வோ பஸ், வியாழன் மதியம் மணாலி. வெள்ளி ஏறி வழியில் முகாம் போடும் இடமான பகர்தாச்சில் டென்ட், சனி பியாஸ் குண்ட் போய்த் திரும்பி அங்கேயே தங்கல், ஞாயிறு இறங்கி இரவு பஸ், திங்கள் மாலை சென்னைக்கு விமானம். எல்லா டிக்கெட்டும் பணம் திரும்பக் கிடைக்காத வகை. ஒரு நாள்கூடக் கையிருப்பு இல்லை. செவ்வாய் காலை இரண்டு பேருக்கு அலுவலகத்தில் தவிர்க்க முடியாத வேலை.

வானிலையை ஒழுங்காகத்தான் பார்த்திருக்கிறார்கள், சென்னைக்காரர்களுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. திங்கள் இரவிலிருந்து புதன் இரவு வரை மேற்கத்திய இடையூறு (மேற்கிலிருந்து வந்து இமயமலையில் மழையும் பனியும் கொட்டுகிற காற்றமைப்பு) காரணமாக நல்ல பனிப்பொழிவு, வியாழனிலிருந்து வெயில் என்று ஆப் காட்டியது. குழுவின் வாட்ஸ்அப்பில் அன்று போட்ட செய்தியைக் காட்டினார்கள்: "நாம போறப்ப ஸ்னோவும் இருக்கும், வெயிலும் இருக்கும், சூப்பர்." நம் ஊர்ப் பழக்கத்தில் ரெட் அலர்ட் விலகினால் ஆபத்து முடிந்தது என்று அர்த்தம், தண்ணீர் வடிய வேண்டியதுதான் பாக்கி. பனியில் இது தலைகீழ். பெரிய பனிப்பொழிவு முடிந்து வெயில் அடிக்கிற முதல் ஒன்றிரண்டு நாள்தான் மிக மோசம். புதிதாக விழுந்த பாரம் இன்னும் பிடித்திருக்காது, ஆட்களோ நீல வானத்தைப் பார்த்து வெளியே கிளம்புவார்கள்.

பார்க்காமல் விட்டது பனிச்சரிவு எச்சரிக்கையை. வானிலை மையம் மஞ்சள், ஆரஞ்சு என்று கொடுப்பது மழை, பனிப்பொழிவுக்கு. பனிச்சரிவு ஆபத்துக்கு சண்டிகரில் இருக்கும் டிஜிஆர்இ என்ற பாதுகாப்புத் துறை ஆய்வு நிறுவனம் தனியாக அறிக்கை கொடுக்கிறது, எந்த மாவட்டம், எந்த உயரத்துக்கு மேல், எவ்வளவு ஆபத்து என்று. அந்த வாரம் மணாலி இருக்கும் குல்லு மாவட்டம், பக்கத்து லாஹவுல்-ஸ்பிதி இரண்டுக்கும் எச்சரிக்கை இருந்தது. இந்த நிறுவனத்தின் முந்தைய வடிவமான சாஸே 1969இல் தொடங்கப்பட்டதே மணாலியில்தான். ஆறு பேரில் ஒருவரும் இதைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கவில்லை.

இன்னொன்று. 2018 மார்ச்சில் குரங்கணி தீ நடந்தபிறகு நம் மாநிலத்தில் ட்ரெக்கிங் விதிகள் வந்தன, அனுமதி இல்லாமல் காட்டுக்குள் போகக்கூடாது என்பது நல்லபடியாக ஊறிவிட்டது. ஆனால் கூடவே, அனுமதிச் சீட்டு கையில் இருந்தால் யாரோ பெரியவர்கள் பாதையைப் பார்த்துவிட்டார்கள் என்ற நம்பிக்கையும் வந்திருக்கிறது. இவர்களிடம் அனுமதி, கைடு, அடையாள அட்டை நகல் எல்லாம் சரியாக இருந்தன. அனுமதிச் சீட்டில் இருப்பது உங்கள் பெயர்தான், சரிவின் நிலைமை இல்லை.

வியாழன், மணாலி

வாடகைக் கடையில் மைக்ரோஸ்பைக் (பூட்ஸ் அடியில் மாட்டுகிற முள்), கெய்ட்டர் (பனி உள்ளே போகாமல் காலைச் சுற்றிப் போடுகிற உறை), கையுறை எடுத்தார்கள். புதைந்தவரைத் தேட மூன்று பொருள் வேண்டும்: 457 கிலோஹெர்ட்ஸில் சிக்னல் அனுப்பவும் வாங்கவும் செய்கிற டிரான்ஸீவர், பனிக்குள் குத்தித் தேட மடக்கி நீட்டுகிற ப்ரோப் கம்பி, தோண்ட ஷவல். கடையில் முதல் இரண்டும் இல்லை, இவர்களும் கேட்கவில்லை. டென்ட் அடிக்க இடம் சமன்செய்ய என்று கைடு ஒரு அலுமினிய ஷவலைத் தன் பையில் சொருகிக்கொண்டார். குழு முழுவதற்கும் அந்த ஒன்றுதான்.

அன்று மாலை எடுத்த படங்களில் ஒன்றை நான் பெரிதாக்கிப் பார்த்தேன். சோலாங் பக்கத்து முகடுகளின் விளிம்பில் வெள்ளையாகப் புகை கிளம்புகிறது. "அழகா இருந்துச்சு, அதான் எடுத்தேன்" என்றார் எடுத்தவர். காற்று ஒரு பக்கத்துப் பனியை வாரி மறுபக்கச் சரிவில் கொட்டிக்கொண்டிருந்தது என்பதன் அடையாளம் அது. வானத்திலிருந்து ஒரு செதில்கூட விழாமலே சில மணி நேரத்தில் ஒரு சரிவின் பாரத்தைக் காற்று பலமடங்கு ஏற்றிவிடும்.

வெள்ளி, துந்தியிலிருந்து பகர்தாச்

அடல் சுரங்கத்தின் தெற்கு வாசலுக்குப் பக்கத்தில் இருக்கும் துந்தியில் இறங்கி காலை ஒன்பதரைக்கு நடக்க ஆரம்பித்தார்கள். முழங்கால் வரை புதுப்பனி. கைடும் அவருடைய உதவியாளரும் மாறிமாறி வழி உடைத்தார்கள்.

பதினொன்றரைக்குப் பாதையின் இடது பக்கம், வடக்குப் பார்த்த ஒரு சரிவிலிருந்து இறங்கிய பனிச்சரிவின் குவியல் கிடந்தது, கட்டி கட்டியாக, சில கட்டிகள் இடுப்பு உயரம். மேலே பார்த்தால் உடைந்த இடம் நேர்க்கோடாகத் தெரிந்தது. முந்தின நாள் விழுந்தது என்றார் கைடு. குழு அதன்மேல் ஏறி நின்று படம் எடுத்தது. படத்தில் ஆறு பேரும் சிரிக்கிறார்கள்.

பகல் ஒன்றரை மணி வாக்கில், கிட்டத்தட்ட சமதளமான இடத்தில் நடக்கும்போது, காலுக்கடியில் 'வும்ம்' என்று ஒரு அமுங்கிய சத்தம். அக்கா நான்காவதாக நடந்துகொண்டிருந்தார். காதுக்கு முன்னால் வயிற்றில்தான் அது கேட்டது என்றார். சுற்றிலும் பனி ஒரு விரற்கடை கீழே இறங்கியது, அவருடைய பூட்ஸ் நுனியிலிருந்து ஒரு விரிசல் கிளம்பி எதிரே ஒரு பத்தடிக்கு ஓடியது. கைடு உடனே கையை உயர்த்தி எல்லோரையும் நிறுத்தி, ஓரத்துச் சரிவை விட்டு விலகி ஆற்றுப் பக்கமாக நடக்கச் சொன்னார்.

இந்தச் சத்தத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைவிடத் தெளிவாக ஒரு மலை எதையும் சொல்லாது. மார்ச் முதல் பாதியில் அங்கே மழையும் இல்லை பனியும் இல்லை, தெளிந்த குளிர் இரவுகள். அப்படிப்பட்ட நாட்களில் பழைய பனியின் மேல்புறம் ஒன்றோடொன்று ஒட்டாத உதிரிப் படிகங்களாக மாறிவிடும். அதன்மேல் மூன்று நாள் பனி விழுந்து, காற்றடித்து, மேலடுக்கு மட்டும் ஒரே துண்டாகக் கெட்டிப்பட்டிருக்கிறது. கடுகு கொட்டிய தரையில் பாய் விரித்து, தரையையும் சாய்த்து வைத்தால் என்ன ஆகுமோ அதுதான். சமதளத்தில் ஆள் நடக்கும்போது கீழடுக்கு நொறுங்கி உட்கார்ந்தால் அந்தச் சத்தமும் விரிசலும் வரும். அதே நொறுங்கல் சரிவில் நடந்தால் மேலடுக்கு முழுசாகக் கழன்று இறங்கும். சில சமயம் நீங்கள் நிற்பது அடிவாரத்துச் சமதளமாக இருந்தாலும், நொறுங்கல் அங்கிருந்து பரவி மேலே இருக்கிற சரிவை இறக்கிவிடும்.

பகர்தாச்சில் வழக்கமாக டென்ட் போடும் இடத்துக்கு நேர் மேலே ஒரு ஓடை வாய் இருக்கிறது என்று சொல்லி, கைடு டென்ட்களை வேறு இடத்துக்கு மாற்றினார். தண்ணீர் எடுக்கத் தூரமாகிவிட்டது என்று ஒருவர் முணுமுணுத்திருக்கிறார்.

வெள்ளி இரவுப் பேச்சு

சமையல் டென்ட்டில் கிச்சடி சாப்பிட்டுக்கொண்டே பேசியது. கைடு ஹிந்தியில் பேசினார். சரளமாக ஹிந்தி தெரிந்தவர் ஒருங்கிணைத்தவர் மட்டுமே. கைடு தான் என்ன சொன்னேன் என்று என்னிடம் சொன்னதையும், மற்ற ஐவர் தங்களுக்கு என்ன வந்து சேர்ந்தது என்று சொன்னதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கைடு சொன்னவை: ஒன்று, இன்றைக்குக் கேட்ட சத்தமும் விரிசலும் கெட்ட அறிகுறி. இரண்டு, நாளைக்குக் கடக்க வேண்டிய சரிவும் இன்று வழியில் பார்த்த, பனி விழுந்திருந்த சரிவைப் போல வடக்குப் பார்த்தது, காற்று கொட்டிய பனி அதில் நிறைய இருக்கும். மூன்று, இன்னும் ஒரு நாள் பொறுத்தால் நிலைமையைப் பார்த்து முடிவெடுக்கலாம், பொறுக்க முடியாது என்றால் பள்ளத்தாக்கின் தரையிலேயே கொஞ்ச தூரம் நடந்துவிட்டு இறங்கலாம். ஐவருக்கு வந்து சேர்ந்தது: கொஞ்சம் ரிஸ்க் இருக்கிறது, சீக்கிரம் கிளம்பினால் நல்லது.

ஒருங்கிணைத்தவர் வேண்டுமென்று மறைத்தார் என்று நான் நினைக்கவில்லை. போக வேண்டும் என்று மிகவும் ஆசைப்பட்டவரும் அவர்தான், எல்லோருடைய பணத்துக்கும் பொறுப்பும் அவர்தான், செய்தி கடந்துவர வேண்டிய ஒரே வழியும் அவர்தான். அப்படி ஒரு இடத்தில் யாரை வைத்தாலும் செய்தி மெலிந்துதான் வரும்.

அக்கா மட்டும், "காலையில பார்த்தோமே, அந்த மாதிரி நம்ம மேல விழுந்தா?" என்று கேட்டிருக்கிறார். அதற்கு வந்த பதில்தான் இந்த நிகழ்வின் திருப்பம். ஒருங்கிணைத்தவர் எங்கேயோ படித்திருந்தார்: விடியற்காலையில் பனி உறைந்து இறுகியிருக்கும், வெயில் ஏறுவதற்குள் கடந்துவிட்டால் பாதுகாப்பு. "இல்லக்கா, அஞ்சரைக்குக் கிளம்பிட்டா கல்லு மாதிரி இருக்கும்."

இது பொய்யான விதி இல்லை. வசந்தகாலத்தில் பகலில் உருகி இரவில் உறைகிற ஈரப்பனிக்கு அப்படியே பொருந்தும், அங்கே மதியத்துக்குப் பிறகுதான் ஆபத்து. ஆனால் அவர்களுக்கு எதிரே இருந்தது வெயிலே படாத சரிவில் காய்ந்த பனி, அடியில் உதிரி அடுக்கு. அந்த அடுக்கு இரவுக் குளிரில் ஒட்டாது. விடியற்காலையிலும் நண்பகலிலும் அது ஒரே மாதிரிதான் உடையும். ஒரு வகைப் பனிக்கான விதியை இன்னொரு வகைக்குப் போட்டு, அதனால் வந்த தைரியத்தில் முடிவெடுத்தார்கள். கேட்டவுடன் அறிவாளித்தனமாகத் தெரிகிற பதில் என்பதால் யாரும் மறுபடி கேட்கவில்லை.

கைடு ஏன் ஒரேயடியாக மறுக்கவில்லை? நேராகக் கேட்டேன். பாதிப் பணம் முன்பணமாக வந்தது, மீதி திரும்பி இறங்கியபிறகு. பியாஸ் குண்ட் காட்டாமல் இறக்கினால் மீதிக்குத் தகராறு வரும், மணாலியில் இவரை வேலைக்கு அனுப்பியவர்களிடம் புகார் போகும், அடுத்த சீசனில் அழைப்பு குறையும். முன்பு அப்படி நடந்திருக்கிறது என்றார். மொரெய்ன் மேட்டின் (பனியாறு தள்ளிக் குவித்த கற்குவியல்) அடி வரை போய்ப் பார்ப்போம், பிடிக்கவில்லை என்றால் திரும்புவோம் என்று சமரசம் ஆனது. எதைப் பார்த்தால் திரும்புவது என்று யாரும் வரையறுக்கவில்லை.

சனி காலை

ஐந்து நாற்பதுக்குக் கிளம்பினார்கள். மேகம் இல்லை, காற்று இல்லை, கடும் குளிர். ஏழு மணிக்கு முன் அந்தச் சரிவுக்கு வந்தாயிற்று. பெரிய சரிவு என்று நினைக்க வேண்டாம்: குறுக்கே நாற்பது மீட்டர் இருக்கலாம், பிறகு படத்தை வைத்து அளந்தபோது சாய்வு 35 டிகிரிக்கு மேல். கீழே, சரிவுக்கும் மொரெய்ன் மேட்டுக்கும் நடுவில் ஒரு குழி. சின்னச் சரிவுதானே என்ற எண்ணத்தைக் கெடுக்க வேண்டியது அந்தக் குழிதான், ஏனென்றால் இறங்குகிற பனி பரவ இடமில்லாமல் அங்கேயே ஆழமாகக் குவியும்.

கைடு நின்று பார்த்தார். ஒருவர்பின் ஒருவராக, முன்னால் போனவர் மறுகரை சேர்ந்தபிறகே அடுத்தவர் என்றார். பையின் இடுப்புப் பட்டையைக் கழற்றிவிடுங்கள், கைத்தடியின் வாரை மணிக்கட்டிலிருந்து எடுத்துவிடுங்கள் என்றார். மற்றவர்கள் கடக்கிறவர் மேலேயே கண் வைத்திருக்க வேண்டும் என்று அக்காவிடம் சைகையில் காட்டினார். இந்த நான்கும் சரியான முடிவுகள், இவை இல்லையென்றால் இன்று நான் வேறு மாதிரி எழுதிக்கொண்டிருப்பேன். கடக்கவே கூடாது என்ற ஐந்தாவது முடிவுக்குத்தான் அங்கே இடமில்லாமல் போயிற்று.

முதலில் கைடு கடந்தார், பிறகு குழுவின் இளையவர். மூன்றாவதாகப் போனவர் 29 வயதுப் பெண். மறுகரையிலிருந்து இளையவர் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார், அதனால் நேரம் துல்லியமாகத் தெரிகிறது. 7:12க்கு, பாதி தூரத்தில், அவருக்கு ஐந்தாறு மீட்டர் மேலே கோடு கிழிந்தது. முன்னால் போன இருவர் மிதித்த அதே தடத்தில்தான் அவரும் நடந்தார். இரண்டு பேரைத் தாங்கிய சரிவு மூன்றாமவரைத் தாங்கும் என்று ஒன்றும் இல்லை. அடுக்கின் மெலிந்த இடத்தில் யார் கால் படுகிறது என்பதுதான் கணக்கு.

ஏழு நிமிடம்

வீடியோவில் நான்கு விநாடிக்குள் அவர் காணாமல் போகிறார். அக்கா கத்தவில்லை, ஓடவில்லை. ஒரு பாறைக்கு இடப்பக்கம் அவர் தலை கடைசியாகத் தெரிந்த இடத்தை நோக்கிக் கையை நீட்டி, அந்தக் கையை இறக்காமலே நின்றார். உதவியாளர் அந்தக் கை காட்டிய கோட்டில் சறுக்கிக்கொண்டு இறங்கினார். இருவர் மேலேயே நிறுத்தப்பட்டார்கள், மிச்சமிருக்கும் பனி இறங்கினால் இன்னும் ஆட்கள் மாட்டக்கூடாது என்று.

ஷவல் மறுகரையில், கைடின் பையில்.

கடைசியாகப் பார்த்த இடத்துக்குக் கீழே கைத்தடியின் பிடி ஒன்று விரல் நீளத்துக்கு வெளியே தெரிந்தது. குளிரில் விரல் மரத்துப்போய் அவர் வாரை மணிக்கட்டிலிருந்து கழற்றாமல் விட்டிருந்தார், அதனால் தடி கையோடு இருந்தது. (இதைப் பார்த்து வாரைக் கழற்றாமல் இருப்பதே நல்லது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். தடி பனியில் மாட்டிக்கொண்டு ஆளை உள்ளே இழுப்பதற்குத்தான் வாய்ப்பு அதிகம். இது அதிர்ஷ்டம், அவ்வளவுதான்.) உதவியாளர் கையாலும், பையிலிருந்த சாப்பாட்டுத் தட்டாலும் தோண்டினார். நகர்ந்துகொண்டிருக்கும்போது மெத்தென்று இருக்கும் பனி, நின்ற அடுத்த கணமே கையால் கீற முடியாதபடி இறுகிவிடுகிறது. எவர்சில்வர் தட்டு வளைந்துவிட்டது. நான்காவது நிமிடத்தில் கைடு ஷவலோடு வந்து சேர்ந்தபிறகுதான் வேலை நடந்தது. தலை அரை மீட்டர் ஆழத்தில் இருந்தது. 7:19க்கு முகம் வெளியே வந்தது.

உதடு நீலம். வாயில் பனி. கைடு விரலை விட்டு அதை எடுத்தார், தலையைத் தாங்கிப் பிடித்தார். அந்தப் பெண் இருமினார், மூச்சு வந்தது. முழுசாகப் புதைந்தவர்களை முதல் பத்து நிமிடத்துக்குள் எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள், அரை மணி ஆகிவிட்டால் அது மூன்றில் ஒருவர் என்ற அளவுக்கு விழுந்துவிடுகிறது. மணாலியிலிருந்தோ எங்கிருந்தோ மீட்புப் படை வரும் என்பதற்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை. கூட இருப்பவர்கள்தான் மீட்புப் படை.

கீழே இறக்கியது

நெஞ்சு, கழுத்து, வயிறு என்று அடிபட்டிருக்கிறதா பார்த்தார்கள். வலது முழங்காலை அசைக்க முடியவில்லை. படுக்கிற விரிப்பைச் சுருட்டிக் காலுக்குக் கட்டு, காய்ந்த சட்டை, ஸ்லீப்பிங் பேக், நினைவு தெளிவாக இருப்பதைப் பார்த்தபிறகே சூடான சர்க்கரைத் தண்ணீர். பகர்தாச்சில் போன் சிக்னல் கிடையாது, அனுமதி இல்லாமல் சாட்டிலைட் போன் வைத்திருப்பது நம் நாட்டில் குற்றம், அதனால் உதவியாளர் துந்தி வரை ஓடித்தான் செய்தி சொன்னார். டென்ட் துணியில் வைத்து முகாம் வரை இழுத்து வந்தார்கள், மதியத்துக்குப் பிறகு ஊர் இளைஞர்கள் ஸ்ட்ரெச்சரோடு வந்தார்கள், இருட்டும் நேரத்தில் மணாலியில் மருத்துவமனை. அக்காவும் ஒருங்கிணைத்தவரும் கூடவே தங்கினார்கள், மற்ற மூவர் போட்ட டிக்கெட்டிலேயே திரும்பினார்கள். சென்னையில் எம்ஆர்ஐ எடுத்ததில் ஏசிஎல் என்ற முழங்கால் தசைநார் கிழிந்தது தெரிந்து அறுவை சிகிச்சை நடந்தது. பயணக் காப்பீட்டில் சாகசப் பயணங்கள் விலக்கு என்று சின்ன எழுத்தில் இருந்ததால் ஒரு ரூபாய் வரவில்லை. செலவை ஆறு பேரும் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

எங்கே மாறியிருக்கலாம்

பனியைப் பற்றிய அறிவு குறைவு என்று சொல்லி முடித்துவிடுவது சுலபம். எனக்கு அது போதவில்லை. அறிகுறிகள் எல்லாம் கண்ணிலும் காதிலும் பட்டன, கைடுக்கு அவற்றின் அர்த்தமும் தெரியும். தெரிந்தவர் சொல் செல்லுபடியாகாத ஏற்பாடு சென்னையிலேயே போடப்பட்டிருந்தது: கையிருப்பு நாள் இல்லை, மீதிப் பணம் கடைசியில், செய்தி ஒரே ஆள் வழியாக, எதைப் பார்த்தால் திரும்புவோம் என்று எழுதி வைக்கவில்லை. இந்த நான்கில் எந்த ஒன்று வேறு மாதிரி இருந்திருந்தாலும் வெள்ளி இரவுப் பேச்சு வேறு பக்கம் போயிருக்கும் என்று நினைக்கிறேன். முக்கியமாக அந்த ஒரு நாள். ஞாயிறும் மலையில் இருக்கலாம் என்றிருந்தால், சனி அன்று பள்ளத்தாக்கில் உலாத்திவிட்டு வர யாருக்கும் மனக்கஷ்டம் இருந்திருக்காது.

இளையவர் இதை ஏற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அந்தச் சரிவை அன்று முந்தின குழுக்கள் கடந்திருந்தால் எங்களுக்கும் ஒன்றும் ஆகியிருக்காது, நேரம் சரியில்லை, அவ்வளவுதான் என்கிறார். அவரிடம் நான் வாதாடவில்லை.

இப்போது என்ன மாற்றியிருக்கிறார்கள்

பனி மலை என்றால் ஒரு நாள் கூடுதலாக, தேதி மாற்றக்கூடிய டிக்கெட். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து டிஜிஆர்இ அறிக்கை. போனிலேயே சாய்வு அளக்கக் கற்றுக்கொண்டார்கள். புதிய பனிச்சரிவு கண்ணில் பட்டாலோ, விரிசல் ஓடினாலோ, அந்த 'வும்ம்' கேட்டாலோ, அன்றைக்கு 30 டிகிரிக்கு மேல் இருக்கும் எந்தச் சரிவிலும் கால் வைப்பதில்லை, அதன் அடிவாரத்திலும் நிற்பதில்லை. இதற்கு ஓட்டெடுப்பு கிடையாது. இரவுக் கூட்டத்தில் அனுபவம் குறைந்தவர் முதலில் பேச வேண்டும்.

மூன்று பேர் டிரான்ஸீவர் வாங்கியிருக்கிறார்கள், விலை கையைக் கடிக்கிறது. எல்லோரிடமும் இருந்தால்தான் அது பயன்படும் என்பதால் மற்ற மூவரும் வாங்கும்வரை பனிச்சரிவு நிலத்தில் ட்ரெக் இல்லை என்று வைத்திருக்கிறார்கள். ஞாயிறு விடியற்காலையில் திருவான்மியூர் கடற்கரையில் ஒரு டிரான்ஸீவரைப் பையில் போட்டு மணலில் புதைத்துவிட்டு, மற்றவர் நேரம் வைத்துத் தேடுகிறார்கள். அம்புக்குறியைப் பின்பற்றி வேகமாக நெருங்குவது, கடைசி சில மீட்டரில் கருவியைத் தரையோடு தரையாகப் பிடித்து மெதுவாக நகர்த்துவது, எண் மிகக் குறைவாகக் காட்டும் இடத்திலிருந்து ஒரு சாண் இடைவெளியில் சுற்றிச் சுற்றி ப்ரோப் குத்துவது, குத்திய கம்பியை உருவாமல் அங்கேயே விட்டு, அதன் இறக்கத்துப் பக்கமிருந்து தோண்டுவது. முதல் தடவை பதினைந்து நிமிடம் தாண்டியது. வாக்கிங் வந்த பெரியவர் ஒருவர் என்னப்பா தொலைச்சீங்க என்று கேட்டுவிட்டு, கூடவே நின்று தேடினாராம். முழங்கால் அறுவை ஆனவர் பிசியோதெரபிக்குப் போய்க்கொண்டே இதற்கும் வந்து, மணலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து நேரம் குறிக்கிறார்.

அடுத்த குளிர்காலத்துக்கு அதே கைடைக் கேட்டிருக்கிறார்கள். முழுப் பணமும் கிளம்புவதற்கு முன்பே, எங்கே திரும்பினாலும் ஒரு ரூபாய் குறையாது, அவர் வேண்டாம் என்றால் அதோடு முடிந்தது என்று சொன்னதற்கு, சரி, அதை ஹிந்தியில் எழுதி அனுப்புங்கள் என்று கேட்டாராம். ஒருங்கிணைத்தவர் எழுதினார். அக்கா அதைத் தன் வங்கிக் கிளையில் ஹிந்தி தெரிந்த ஒருவரிடம் காட்டி, பேசியதெல்லாம் அப்படியே அதில் இருக்கிறதா என்று வரிவரியாகக் கேட்டுத் தெரிந்துகொண்டபிறகே அனுப்ப விட்டார்.